கடலோரப் பசுமை விடுதி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கடற்கரை நகரம் ஒன்றுக்குப் பக்கத்தில், காலை உணவோடு அறை தரும் சிறிய விடுதியைப் பார்த்து வைத்திருக்கிறோம். விளம்பரம் முழுக்க 'சூழலுக்கு உகந்தது' என்றே இருக்கிறது. நம்பலாமா?

பதில்: மூங்கில் நாற்காலியையும் ஓலைக் கூரையையும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? குளித்த நீரும் கழிப்பறை நீரும் எங்கே போகின்றன? குப்பையை என்ன செய்கிறார்கள்? உண்மையிலேயே செய்கிறவர் என்றால் தொட்டி எத்தனை லிட்டர், எப்போது சுத்தம் செய்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். நீங்கள்தான் நிறுத்த வேண்டியிருக்கும். 'இயற்கையை நேசிக்கிறோம்' என்பதோடு பேச்சு முடிந்தால் வேறு விடுதி பாருங்கள்.

மூன்றிலும் முக்கியமானது கழிவுநீர். கடலோர மணலில் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும். நிலத்தடி நீரும் பெரும்பாலும் மேலாகவே இருக்கும். செப்டிக் டேங்க் கசிந்தால் கிணற்றுக்கோ கடலுக்கோ போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. 'கிரீன் கீ' என்ற விடுதிச் சான்றிதழ் 1994இல் டென்மார்க்கில் தொடங்கி இன்று பல நாடுகளில் வழங்கப்படுகிறது. ஜிஎஸ்டிசி (சூழலைக் கெடுக்காத சுற்றுலாவுக்கான உலக அமைப்பு) அப்படியல்ல. அது அளவுகோலை வகுக்கும், சான்று தரும் நிறுவனங்களுக்கு அங்கீகாரமும் கொடுக்கும். விடுதிகளுக்கு நேரடியாகச் சான்று தராது. ஆகவே 'ஜிஎஸ்டிசி சான்று பெற்றது' என்று யாராவது போட்டிருந்தால், கொடுத்த நிறுவனம் எது என்று கேளுங்கள். நாலு அறை வைத்திருப்பவருக்குச் சான்றிதழ்ச் செலவு கட்டுப்படியாகாமல் போகலாம். சான்று இல்லை என்பதற்காக மட்டும் ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: கம்போஸ்ட் டாய்லெட் என்று போட்டிருக்கிறது. நாற்றம் அடிக்குமா? எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: தண்ணீர் ஊற்றாமல், மலத்தை உரமாக மட்க விடும் கழிப்பறை அது. ஒழுங்காக நடந்தால் நாற்றம் அடிக்காது. அடித்தால் பெரும்பாலும் உள்ளே ஈரம் அதிகம் என்று பொருள். ஈரம் மிஞ்சினால் காற்று நுழைய இடமில்லாமல் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் பெருகும். அழுகல் வாடை கிளம்பும். பிழிந்த ஸ்பாஞ்சின் ஈரம்தான் சரியான பதம்.

அதனால்தான் பல இடங்களில் சிறுநீருக்குத் தனி வழி வைத்திருப்பார்கள். முன்பக்கக் குழி சிறுநீருக்கு, பின்பக்கக் குழி மலத்துக்கு. ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும். தண்ணீரில் கழுவுகிறவர்களுக்குத் தனியாக ஓர் இடம் இருக்கும், அங்கே நகர்ந்துதான் கழுவ வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: பழக்கத்தில் மலக்குழியின் மேலேயே கழுவி, நல்ல மனதோடு இன்னொரு குவளைத் தண்ணீரும் ஊற்றிவிடுவார்கள்.

மலம் கழித்ததும் ஒன்றிரண்டு குவளை மரத்தூள் போட்டு முழுவதும் மூடுங்கள். மலத்தில் நைட்ரஜன் அதிகம், மரத்தூளில் கார்பன் அதிகம். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நன்றாக மட்கும். பிறகு மூடியைச் சாத்துங்கள். திறந்து கிடந்தால் ஈ வரும், காற்றுக்குழாய் இழுப்பதும் குறையும். பிளீச்சிங் பவுடர், பினாயில், ஈரத் துடைப்பான், நாப்கின் எதுவும் உள்ளே போகக் கூடாது. முதல் இரண்டும் மட்கச் செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். மற்றவை மட்கவே மட்காது. நாப்கினுக்குத் தனித் தொட்டி இருக்கிறதா என்று வந்தவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சோலார் ஹீட்டர் உள்ள விடுதிகளில் காலையில் வெந்நீர் வருவதில்லையே, ஏன்?

பதில்: முந்தின இரவே தீர்ந்திருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தொட்டியில் 60 டிகிரியில் 200 லிட்டர். பச்சைத் தண்ணீர் 25 டிகிரி. குளிக்க 40 டிகிரி வேண்டுமென்றால் ஏழு பங்கில் மூன்று பங்கு வெந்நீர் போக வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டும் ஷவரில் 10 நிமிடம் நின்றால் 43 லிட்டர் வெந்நீர் காலி. நாலு பேர் குளித்தால் தொட்டியே ஏறக்குறைய முடிந்தது. 20 லிட்டர் வாளி என்றால் ஒருவருக்கு 9 லிட்டர் கூட ஆகாது.

தொட்டியின் சூட்டுக்காப்பு நன்றாக இருந்தால் இரவு முழுவதும் சூடு நிற்கும். ஆகவே வெந்நீர் கட்டாயம் வேண்டியவர்கள் மாலையில் குளித்துவிடுங்கள். காலையில்தான் குளிப்பேன் என்றால் மற்ற அறைக்காரர்களோடு பேசி வையுங்கள். குழாய் திறந்ததும் வரும் பச்சைத் தண்ணீரை வீணாக்காமல் வாளியில் பிடியுங்கள். 15 மில்லிமீட்டர் குழாய் 10 மீட்டர் நீளம் ஓடினால் அதற்குள் மட்டும் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக நிற்கும்.

கேள்வி: குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. கொதிக்க வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இன்னும் கரிக்கும். நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். புற ஊதா விளக்குச் சாதனமும் கிருமியைத்தான் கொல்லும். உப்பை எடுக்க ஆர்ஓ வேண்டும். வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுவது சாதாரணம். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவோ கழிப்பறைக்கோ பிடிக்கிறார்களா என்று பாருங்கள். நல்ல அடையாளம் அது.

கரிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுக்கு மீறி இறைப்பது. கடலோர மண்ணுக்கடியில் நன்னீர் கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டர் இறங்கினால் கீழே எவ்வளவு ஏறிவரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நீச்சல்குளம் வைத்த 'பசுமை' விடுதியில், தண்ணீரை எங்கிருந்து எவ்வளவு இறைக்கிறார்கள் என்று அவசியம் கேளுங்கள்.

கேள்வி: ஏசி இல்லாத அறையில் தூங்க முடியுமா?

பதில்: ஜன்னல் எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. பகலில் காற்று கடலிலிருந்து வரும். இரவில் நிலம் சீக்கிரம் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு வீசும், பகல் காற்றைவிட மெதுவாக. கடலைப் பார்த்த ஒற்றை ஜன்னல் அறை படத்தில் அழகு, இரவில் புழுக்கம். எதிரெதிரே இரண்டு திறப்பும் கொசுவலையும் உள்ள அறையைக் கேளுங்கள். இரண்டு காற்றுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இலைகூட அசையாது. அப்போது மின்விசிறிதான் கதி.

கேள்வி: சூரிய மின்சாரம் மட்டுமே உள்ள இடத்தில் மின்கெட்டில் பயன்படுத்தலாமா?

பதில்: கேட்காமல் செருகாதீர்கள். கெட்டில் சுமார் 1,500 வாட், முடி உலர்த்தியும் ஏறக்குறைய அவ்வளவே. ஒரு கேவிஏ இன்வெர்ட்டர் (அதிகபட்சம் 1,000 வாட்) தாங்காது. டிரிப் ஆகி மற்ற அறைகளும் இருளும். செல்போன், மடிக்கணினியைப் பகலில் சார்ஜ் செய்துவிடுங்கள். இரவுக்கு பேட்டரியில் மிச்சம் இருக்கும்.

கேள்வி: 'பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது' என்று எழுதிய சன்ஸ்கிரீன் வாங்கினால் போதுமா?

பதில்: அந்த வாசகத்துக்குப் பொதுவான சட்ட வரையறை கிடையாது. பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் இரண்டும் வேண்டாம்; பவளத்துக்குக் கெடுதல் என்று கருதப்படும் வேதிப்பொருட்கள் இவை. இவை உள்ள சன்ஸ்கிரீனை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்பதை ஹவாய் 2021 ஜனவரி முதல் தடை செய்திருக்கிறது. துத்தநாக ஆக்ஸைடு உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். அதைவிட முழுக்கைச் சட்டையோடு தண்ணீரில் இறங்குவது மேல். துணி மறைக்காத இடங்களுக்கு மட்டும் பூசினால் போதும்.

கேள்வி: ஆமைகள் முட்டையிடும் கரை என்றால் இரவில் எங்கள் அறை விளக்கு தொந்தரவா?

பதில்: ஆம். குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தை நோக்கி நகரும். கடல் என்று நினைத்து உங்கள் வராந்தாவுக்கு வந்துவிடும். கடல்பக்கத் திரையை மூடுங்கள், வெளிவிளக்கை அணையுங்கள், கரையில் டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம். நடக்க வெளிச்சம் வேண்டுமென்றால் சிவப்பு விளக்கு இருக்கிறதா என்று விடுதிக்காரரிடம் கேளுங்கள்.

கேள்வி: காலை உணவுக்கு என்ன நேரம் போனாலும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. இது ஹோட்டல் அல்ல. எத்தனை பேர், எத்தனை மணி, யாருக்கு எது ஒவ்வாது என்பதை முந்தின மாலையே சொல்லிவிடுங்கள். அளவாகச் சமைப்பார்கள், மிஞ்சாது.