சாராயையும் கூட்டிக்கொண்டு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். என் கணவருக்குச் சிங்கப்பூரில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் வேலை வந்திருக்கிறது. ஏஜெண்டுக்குக் கட்ட என் நகையை மூன்று லட்சத்துக்கு அடகு வைக்கச் சொல்கிறார். நான் காரைக்குடியில் ஆசிரியை. பையன் எட்டாவது படிக்கிறான். அத்தை தேவகோட்டையில் தனியாக இருக்கிறார். ஜெபத்தில் ஆதியாகமம் 12:1 கிடைத்தது, ஆபிராமை ‘உன் தேசத்தை விட்டுப் புறப்படு’ என்ற வசனம், கர்த்தர் பேசிவிட்டார் என்கிறார் கணவர். எனக்குச் சமாதானம் இல்லை. சபையிலோ புருஷனுக்குக் கீழ்ப்படி என்கிறார்கள். என்ன செய்ய?

ஒரு சகோதரி, காரைக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

‘கர்த்தர் பேசிவிட்டார்’ என்று ஒருவர் சொன்னபின் மற்றவர் வாய் திறந்தால், அது கர்த்தரோடு வழக்காடுவது போல் ஆகிவிடுகிறது. பேச்சு அங்கேயே நின்றுபோகிறது. உங்கள் கணவரின் ஜெபத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதே அதிகாரத்தில் நாலு வசனம் தள்ளிப் படியுங்கள்: ஆபிராம் சாராயையும் கூட்டிக்கொண்டுதான் புறப்பட்டான். கீழ்ப்படிதலும் அப்படித்தான். மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22-க்கு முந்தின வசனம், ‘ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்கிறது. நம் பக்கத்து நகரத்தார் கணவன் மனைவி இருவரையும் சேர்த்தே ஒரு புள்ளியாகக் கணக்கிடுவார்கள். தீர்மானத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும்.

முதலில் காகிதங்கள். அவருக்குக் கிடைப்பது எந்த அனுமதி? சாதாரணத் தொழிலாளருக்கான வொர்க் பெர்மிட் என்றால் குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ள வழியில்லை. அதற்கு மேல்படியான எஸ் பாஸ் என்றாலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் மனைவி, பிள்ளைக்கு விண்ணப்பிக்கலாம். நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். பதிவு உண்டா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கக்கூடியது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். இவர் கேட்கும் மூன்று லட்சம் எது எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நகைக்கடன் 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே மாதம் 3,000, இரண்டு வருடத்தில் 72,000 ரூபாய். அசல் அப்படியே நிற்கும். கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் ‘உட்கார்ந்து’ செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-ல் ஆண்டவரே சொல்கிறார். கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் ஆகாது.

அடுத்தது மனதின் கணக்கு. ஓரியூரில் 1693-ல் இரத்தசாட்சியாக மரித்த அருளானந்தர் இயேசு சபைக் குரு. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் இப்படித் தீர்மானம் எடுக்க ஒரு வழிமுறை எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் எந்தச் சபையானாலும் அது உதவும். போனால் என்ன நன்மை, என்ன கேடு. போகாவிட்டால் என்ன நன்மை, என்ன கேடு என்று நாலு கட்டம் போடுங்கள். போவதன் நன்மையும் கேடும் எல்லோருக்கும் எழுத வரும். இருப்பதன் கேட்டைத்தான் விட்டுவிடுவோம், அதில்தான் உங்கள் கணவரின் மனம் இருக்கும். இருவரும் தனித்தனித் தாளில், வேறு வேறு அறையில் எழுதுங்கள். சேர்ந்து உட்கார்ந்தால் உரத்துப் பேசுகிறவரின் பட்டியல்தான் மிஞ்சும். ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘அத்தைக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் நான் போய்ச் சேர அரை மணிக்கு மேல் ஆகும், பையனை யாரிடம் விடுவது’ என்று எழுதுங்கள். அதற்கு விடை தேடலாம், வெறும் பயத்துக்குத் தேட முடியாது.

பிறகு தாளை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் பயத்தை நீங்களும் உங்கள் பயத்தை அவரும் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும், ‘ஆமா, அதேதான்’ என்று மற்றவர் சொல்லும்வரை. இதைத் தாண்டாமல் சேர்ந்து ஜெபிக்க உட்கார்ந்தால், ஒருவர் ஜெபம் மற்றவருக்குப் புத்திமதியாகத்தான் கேட்கும்.

அதன்பின் மூன்று நாள் போவதாகவே தீர்மானித்ததுபோல் இருங்கள், மூன்று நாள் போகாததுபோல். விவாதம் வேண்டாம். தினம் ராத்திரி மனம் எப்படி இருந்தது என்று ஒரு வரி மட்டும் குறித்து வையுங்கள். சண்டை போட்ட அன்றோ, அத்தைக்கு உடம்பு முடியாத வாரத்திலோ எதையும் முடிவு செய்யாதீர்கள். மனம் சோர்ந்த வேளையில் முந்தின தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியார் விதிகளில் ஒன்று.

ஒரு வாரத்தில் ஒருமனம் வராவிட்டால் மறுபடி பேச ஒரு தேதி குறியுங்கள். அதுவரை நகை வீட்டிலேயே இருக்கட்டும். ‘வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டு’ என்று ஏஜெண்ட் நெருக்கினால், சிங்கப்பூர் வேலை அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததா என்று மட்டும் கணவரிடம் கேளுங்கள். அடிப்படைச் சம்பளமும் பிடித்தமும் அதில் இருக்கும். இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படியுங்கள்.