காரின் பின்கண்ணாடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டால் உண்மையில் விபத்து குறைகிறதா?

குறைகிறது, ஆனால் முதலில் நினைத்த அளவுக்கு இல்லை.

1970களில் அமெரிக்காவில் டாக்சிகளின் பின்புறம் கூடுதலாக ஒரு விளக்கைப் பொருத்திச் சோதித்தார்கள். பின்னால் வந்து மோதும் விபத்துகள் பாதிக்கும் மேல் குறைந்தன. அதன்பிறகு 1986 மாடல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் அங்கே இது சட்டப்படி கட்டாயமானது. சிறிய டிரக்குகளுக்கு 1994 மாடலிலிருந்து.

அப்புறம், எல்லா வண்டியிலும் இந்த விளக்கு வந்ததும் கண் பழகிவிட்டது. 1998இல் அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்குப் பார்த்தபோது நீண்டகாலப் பலன் சுமார் 4.3 சதவீதம்தான். இதைத் தோல்வி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. விளக்கின் விலை மிகக் குறைவு; நாடு முழுவதும் பார்த்தால் 4 சதவீதமே ஆயிரக்கணக்கான மோதல்கள்.

அது உயரத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்னால் போகும் காரின் கண்ணாடி வழியாக, அதற்கும் முன்னால் உள்ள வண்டி பிரேக் பிடிப்பதும் தெரியும். பின்விளக்கோடு குழப்பிக்கொள்ளவும் வாய்ப்பில்லை, ஏனென்றால் பிரேக் மிதித்தால் மட்டுமே அது எரியும்.

எல்இடி வைத்தால் இன்னும் நல்லது. சாதாரண பல்பு முழுதாகப் பிரகாசிக்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகும், எல்இடி உடனே எரியும். 100 கி.மீ. வேகத்தில் அந்த 0.2 நொடி என்பது 5 மீட்டருக்கும் மேல்.