ட்யூப் மடங்கியிருக்கா பாருங்க

அன்புள்ள அக்கா,

தண்டுவடத்தில் அடிபட்ட உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். நாங்கள் குளத்துப்புழைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். மாமனார் காலத்தில் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். என் வீட்டுக்காரர் பால்வெட்டுத் தொழிலாளி. போன வருடம் இடவப்பாதி மழைக்கு முன்னால், கூரைமேல் சாய்ந்திருந்த பலாக்கிளையை வெட்ட ஏறியவர் விழுந்துவிட்டார். தண்டுவடத்தில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. வயது 38. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறார். இவரைப் போல இருப்பவர்கள் கூடுகிற இடம் ஏதாவது இருக்கிறதா? இங்கே எல்லாம் மலையாளம். வேலைக்கு அந்தப் பாஷை போதும். மனசு விட்டுப் பேச அவருக்குத் தமிழ் வேண்டும். என் பெயரைப் போட வேண்டாம்.

குளத்துப்புழையிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இருக்கிறது. முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம்.

ஆரியங்காவு, புளியரை வழியாக மலை இறங்கி இந்தப் பக்கம் வாருங்கள். தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடி. அங்கே அமர் சேவா சங்கம் இருக்கிறது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனுக்கு அதே ஊர்தான். 1975இல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்தில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981இல் சொந்த ஊரிலேயே சங்கத்தை ஆரம்பித்தார். 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே தண்டுவடம் அடிபட்டவர்களைத் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பேச்செல்லாம் தமிழ்தான். நீங்கள் கேரளக் குடும்பம் என்பதைப் போனிலேயே சொல்லி, தங்குவதற்கு என்ன ஏற்பாடு என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

இப்போது அண்ணன் கதை. பதினோரு வருடத்துக்கு முன்னால் தென்னை மரத்திலிருந்து விழுந்தான். ஆபரேஷன் செய்த இடத்தில் (பெயர் வேண்டாம்) முதுகெலும்பை நன்றாகத்தான் சேர்த்தார்கள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது, இனி எப்படி ஒன்றுக்குப் போவது, எப்படிப் படுப்பது, எப்படி உட்காருவது என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை. மாத்திரைச் சீட்டு தந்தார்கள். நாங்களும் அவனை அசைக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது என்று நினைத்தோம். நாற்பதாவது நாள் மதினி போர்வையை விலக்கிப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண். உணர்வு இல்லாததால் அவனுக்கு வலிக்கவே இல்லை. அது ஆற ஏழு மாதம் ஆனது.

அந்த ஏழு மாதத்தில்தான் ஆய்க்குடியில் பழக்கமான ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவரும் வீல்சேர்தான், பதினைந்து வருடமாக. அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். வந்தவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. காபி குடித்தார். பேசிக்கொண்டே இருந்தவர் இரண்டு கையையும் வீல்சேர் கைப்பிடியில் ஊன்றி உடம்பை அப்படியே தூக்கி, மனசுக்குள் எண்ணிவிட்டு இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி. மூன்றாவது தடவை அண்ணனே திரும்பி, "எதுக்கு அப்படித் தூக்குறீங்க?" என்று கேட்டான். "புண்ணு வராம இருக்க. கால் மணி, அரை மணிக்கு ஒரு தடவை. தூங்கும்போதும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கணும்" என்றவர், பையிலிருந்து ஒரு சின்ன முகக்கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். தினமும் காலையில் முதுகையும் பின்பக்கத்தையும் அவனே பார்த்துக்கொள்வதற்கு. விழுந்ததற்கு அப்புறம் அண்ணன் யாரிடமும் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

உங்கள் வீட்டுக்காரர் யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாரே, கூட்டத்துக்கு வா என்று இழுக்காதீர்கள். ஒரே ஒரு ஆள் வீட்டுக்கு வரட்டும். அதுவும் நடப்பவர் வேண்டாம், வீல்சேரில் இருப்பவர் வரட்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை என்று எழுதியிருப்பதால். ஒருநாள் ராத்திரி அண்ணனுக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கிற தலைவலி. முகமெல்லாம் சிவந்து வேர்த்துக் கொட்டியது. மதினி அழுதுகொண்டே, வீட்டுக்கு வந்த அந்த ஆய்க்குடிக்காரருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டது ஒன்றுதான்: "ட்யூப் மடங்கியிருக்கா பாருங்க." மூத்திரம் போக வைத்திருந்த ட்யூப், தொடைக்கு அடியில் மடங்கித்தான் இருந்தது. நிமிர்த்தியதும் மூத்திரம் இறங்கி வெளியே மாட்டியிருந்த பை நிறைந்தது, தலைவலி இறங்கியது. நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, மூத்திரப்பை நிறைந்தாலோ மலம் இறுகினாலோ ரத்தக் கொதிப்பு இப்படித் தாறுமாறாக ஏறும். விட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான துணியைத் தளர்த்துங்கள், ட்யூபைப் பாருங்கள். சில நிமிடத்தில் குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். போகிற இடத்தில் எல்லா டாக்டருக்கும் இது பழக்கமாக இருக்காது, அதனால் 'தண்டுவடம் அடிபட்டவர்' என்பதை முதலில் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு இதைச் சொல்ல ஒரு மனிதர் இருந்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கண் கலங்கும்.

உங்கள் பக்கத்து வழிகளையும் விடாதீர்கள். கேரளத்தில் 2008லேயே அரசு பாலியேட்டிவ் (வலி, வேதனை தணிக்கும் பராமரிப்பு) கொள்கை வகுத்துவிட்டது. பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் வீட்டுக்கே வந்து ட்யூப் மாற்றுவார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். உங்கள் பகுதியின் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் சொன்னால் பெயர் பதிவு செய்துவிடுவார். நான் பார்த்தவரை தமிழ்க் குடும்பங்கள் 'பாலியேட்டிவ்' என்றதும் அது கேன்சர்காரர்களுக்கு, சாகப்போகிறவர்களுக்கு என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி இல்லை, கிடையில் இருக்கிற எல்லோருக்கும் அது உண்டு. வருகிற நர்ஸிடம், "இதே மாதிரி இன்னும் யார் வீட்டுக்குப் போகிறீர்கள், அவர்களுக்கு எங்கள் நம்பரைக் கொடுப்பீர்களா" என்று கேளுங்கள். ரப்பரும் தென்னையும் கமுகும் உள்ள ஊரில் மரத்திலிருந்து விழுந்தவர் உங்கள் வீட்டுக்காரர் ஒருத்தராக இருக்க மாட்டார். படுக்கையில் இருப்பவரைக் கவனித்துக்கொள்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று ஓர் உதவித்தொகையும் கேரள அரசில் இருக்கிறது, விசாரியுங்கள்.

கொஞ்சம் தூரம் போக முடிந்தால் வேலூர். சி.எம்.சி. எனும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. அது டாக்டர் மேரி வர்கீஸ் 1966இல் உருவாக்கியது. உங்கள் கேரளத்துக்காரர். 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர். அங்கே பயிற்சி முடித்துப் போனவர்கள் மறுபடி வந்து கூடுகிற மேளா நடக்கும். அப்புறம், செப்டம்பர் 5 உலகத் தண்டுவடக் காய தினம். ஆசிரியர் தினம் என்பதால் நம் ஊரில் யாருக்கும் நினைவிருக்காது. அன்றைக்கு இப்படிப்பட்ட இடங்களில் கூட்டம் நடக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். 'தி ஸ்பைனல் ஃபவுண்டேஷன்' என்று, அடிபட்டவர்களே சேர்ந்து நடத்தும் அகில இந்திய அமைப்பும் இருக்கிறது.

வாட்ஸப் குழுக்களில் சேருங்கள், ஆனால் ஒரு விஷயத்தில் கவனம். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று சொல்பவர்கள் வருவார்கள். தண்டுவடக் காயத்துக்கு அதை சிகிச்சையாக ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஒப்புக்கொள்ளவில்லை. ஆராய்ச்சிக்காகச் செய்யலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. எங்கள் வீட்டில் வயலை விற்கிற வரைக்கும் பேச்சு போனது. தடுத்ததும் ஆய்க்குடிக்காரர்தான். "நான் வித்துட்டேன், நீங்க விக்காதீங்க" என்றார்.

உங்களைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லை. மதினியும் அப்படித்தான் இருந்தாள். இரண்டு வருடம் முழுத் தூக்கம் இல்லை, முதுகு வலி, அம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போனதில்லை. இதே நிலையில் இருந்த இன்னொரு பெண்ணைப் பார்த்தபோது, ஆளைத் தூக்கும் விதம்தான் முதலில் பேசினார்கள். கட்டிலுக்கும் வீல்சேருக்கும் நடுவில் பலகை வைத்து நகர்த்தலாம் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணனிடம் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அவரைப் பேசச் சொல்ல வேண்டாம், நான் பேசுறதக் கேட்டா போதும்" என்றான். நம்பரைத் தனி மெயிலில் அனுப்பியிருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். அதற்கு முன்னால் அவனுக்குக் குளியலும் மற்ற வேலைகளும் முடியாது, அது உங்களுக்கே தெரியும்.

அன்புடன்,
அக்கா, செங்கோட்டை