ஏரிக்கரை கசிகிறது, அணைச் சட்டத்தில் வராது என்கிறார்கள்: என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஊர் ஏரிக்கரை சுமார் 7 மீட்டர் உயரம். போன மழையிலிருந்து கரையின் வெளிப்பக்க அடியில் ஓரிடத்தில் ஈரம் காயவே இல்லை. அதற்கு நேர் கீழே இரண்டு தெருக்களும் ஒரு பள்ளிக்கூடமும் இருக்கின்றன. அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் மனு கொடுக்கலாம் என்றால், உங்கள் ஏரி அதில் வராது என்கிறார்கள். உண்மையா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: உண்மைதான். 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்தால், கரை நீளம் 500 மீட்டராவது, கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டராவது என்பதுபோன்ற நிபந்தனைகளில் ஒன்று பொருந்த வேண்டும். உயரத்தைத் தரையிலிருந்து அல்ல, அடித்தளத்தின் ஆழமான இடத்திலிருந்து அளப்பார்கள். அப்படி அளந்தாலும் உங்கள் ஏரி உள்ளே வருவது கடினம். மழைக்கு முன்னும் பின்னும் கட்டாய ஆய்வு, அவசரகாலச் செயல்திட்டம் எல்லாம் பெரிய அணைகளுக்குத்தான். தமிழ்நாட்டின் ஏறத்தாழ 39,000 ஏரிகளில் மிகப் பெரும்பாலானவை வெளியே நிற்கின்றன.

உயரத்தை மட்டும் பார்ப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. கரை எத்தனை மீட்டர் என்பதைவிட, உடைந்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் போகும் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 5 மீட்டருக்கு மேல் சுவரும் 50,000 கன மீட்டருக்கு மேல் கொள்ளளவும் இருந்தாலே அணை கண்காணிப்புக்குள் வந்துவிடும். அப்புறம் கீழே இருப்பவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதையும் சேர்த்துத் தரம் பிரிப்பார்கள். கென்யாவின் சோலாயில் 2018 மே 9 இரவு உடைந்தது ஒரு தனியார் பண்ணை அணை. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உரிமமே இல்லாத அணை அது என்பது அதற்குப் பிறகுதான் பேசப்பட்டது.

சரி, உங்கள் கரைக்கு வருவோம். மண் கரையில் கொஞ்சம் கசிவு இருக்கத்தான் செய்யும். கசியும் நீர் மண்ணையும் சேர்த்து இழுத்து வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடி பாட்டிலில் அந்த நீரைப் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் அவசரமில்லை, ஆனால் வாரம் ஒருமுறை பாருங்கள். அடியில் வண்டல் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிக்கப்படுகிறது என்று அர்த்தம். இந்த அரிப்பு வெளிப்பக்கத்தில் தொடங்கி, நீர் இருக்கும் பக்கத்தை நோக்கிக் குழாய் போல நீளும். நண்டு வளை, எலி வளை, வெட்டிய மரத்தின் மக்கிய வேர் எல்லாம் அதற்கு வழி விடும்.

கலங்கிய நீர் ஊற்றாகக் கொப்பளித்தால் அதன் வாயில் களிமண்ணை அப்பி அடைக்காதீர்கள். பலரும் செய்யும் தவறு இது. உள்ளே அழுத்தம் ஏறி, வேறு இடத்தில் பீறிடும். சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, நடுவில் முதலில் மணல், அதன்மேல் பொடி ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி போடுங்கள். தண்ணீர் வடியும், மண் தங்கிவிடும். இது பொறியாளர் வரும்வரை தாங்குவதற்கு மட்டுமே. கூடவே மதகைத் திறந்து நீர்மட்டத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆனால் படிப்படியாக, சட்டென்று இறக்கினால் நனைந்த உட்சரிவு சரிந்துவிடும்.

இன்னொன்று, கலிங்கல், அதாவது ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் தடுப்பு. கூடுதலாக ஒரு முழம் தண்ணீர் நிற்கட்டும் என்று அதன்மேல் பலகையோ மூட்டையோ வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். விவசாயியின் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளம் மேலேறி வழிந்தால் மண் கரை அதிக நேரம் தாங்காது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. அந்த மழையில் தூத்துக்குடி மாவட்டத்தில் பல குளங்கள் உடைந்தன. ஏரிகள் சங்கிலி போல ஒன்றுக்கொன்று வடியும் ஊர்களில் மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரியும் தப்புவது கஷ்டம். உங்களுக்கு மேலே உள்ள ஏரியின் கரையையும் ஒருநாள் போய்ப் பாருங்கள்.

மனு யாருக்கு? ஏரி பாசனம் தரும் நிலம் (ஆயக்கட்டு) 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத்துறை. இரண்டு இடத்திலும் ‘எங்களுடையதல்ல’ என்றால் மாவட்ட ஆட்சியரிடம் போங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான். அந்தச் சட்டம் கரையின் உயரத்தைக் கேட்பதில்லை. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு தேதியிட்ட படங்களையும் கீழே உள்ள வீடுகளின் எண்ணிக்கையையும் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கிராம சபைத் தீர்மானமும் இருந்தால் நல்லது. கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மகாராஷ்டிரத்தின் திவரே அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்து இருபது பேருக்கு மேல் அடித்துச் செல்லப்பட்டார்கள். கசிவு பற்றி ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். அதனால் மனு கொடுத்ததோடு நிற்காதீர்கள். கனமழை இரவில் கரைமேல் டார்ச்சோடு நிற்க இருவர், தகவல் போனதும் கீழ்த்தெருவை எழுப்ப ஒருவர், மேட்டில் ஒதுங்க ஓர் இடம், இவற்றை மழைக்கு முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள். கசிவு திடீரென அதிகமானாலோ கலங்கினாலோ யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் முதலில் கீழ்த்தெருவைக் காலி செய்யுங்கள், உடனே மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கு அழையுங்கள்.