பிவேரியா பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா?

கேள்வி: பசுமைக்குடிலில் குடைமிளகாய் போட்டிருக்கிறேன். வெள்ளை ஈக்குப் பிவேரியா அடித்து இரண்டு நாள் ஆகிறது. ஈ பறந்துகொண்டுதான் இருக்கிறது. போலிச் சரக்கா? (தளி)

பதில்: அவசரப்படாதீர்கள். பிவேரியா உயிருள்ள பூஞ்சாணம். அதன் வித்து பூச்சியின் தோலில் ஒட்டி, முளைத்து, துளைத்து உள்ளே போய்த்தான் கொல்லும். ஒரு வாரம்கூட ஆகும். காற்றில் ஈரம் வேண்டும், வெயில் ஆகாது. சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நன்றாக நனையும்படி அடியுங்கள். குஞ்சுகள் அங்கேதான் அப்பிக் கிடக்கும். செத்த பூச்சியை லென்ஸில் பாருங்கள். குடிலில் ஈரம் இருந்தால் அதன்மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருக்கும்.

கேள்வி: சாம்பல் நோய் மருந்தையும் பிவேரியாவையும் ஒரே டேங்கில் கலக்கலாமா? (ஓசூர்)

பதில்: கூடாது. பூஞ்சாணக்கொல்லி பிவேரியாவையும் கொன்றுவிடும். லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: பில் போட்டுத்தான் வாங்கினேன். வீட்டில் பார்த்தால் காலாவதி தேதிமேல் வேறு ஸ்டிக்கர். "பவுடர்தானே, கெடாது" என்கிறார் கடைக்காரர். (ராயக்கோட்டை)

பதில்: அப்பட்டமான மோசடி. என் மாடித் தோட்டத்துக்கு வாங்கிய பாக்கெட்டிலும் இதே வேலைதான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் எப்போதோ முடிந்துபோன தேதி. உயிருள்ள பொருளை விற்கிறோம் என்ற நினைப்பே பல கடைகளில் இல்லை. தகரக் கூரைக்கு அடியில், உர மூட்டைக்கு மேல், சித்திரை வெயிலில் வேகவிடுகிறார்கள். வித்து செத்தபின் மிச்சம் வெறும் மாவு. அது வேலை செய்யாவிட்டால் விவசாயி "உயிர் மருந்தே ஏமாற்று" என்று மறுபடி கடும் விஷத்துக்கு ஓடுகிறார். வாங்கும்போதே பதிவு எண், தயாரிப்பு தேதி, காலாவதி தேதி, கிராமுக்கு எத்தனை வித்து (பொதுவாக 10 கோடிக்குமேல்) எல்லாம் பாருங்கள்.

நீங்கள் பாக்கெட்டைப் பிரிக்காமல், ஸ்டிக்கரோடு படம் எடுத்து, வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. விடாதீர்கள்.

கேள்வி: வேனில் வந்தவரிடம் பாதி விலைக்கு வாங்கினேன். பில் இல்லை, தேதியும் இல்லை. (ஊட்டி)

பதில்: பணம் போனது போனதுதான். அதைச் செடியில் அடிக்காதீர்கள்.

கேள்வி: என் குடிலை ஒட்டிப் பக்கத்துக்காரரின் மல்பெரித் தோட்டம். பிவேரியா வாங்கலாமா? (தேன்கனிக்கோட்டை)

பதில்: வேண்டாம். பட்டுப்புழுவைச் சுண்ணாம்புக் கட்டி போல விறைக்க வைத்துக் கொல்வதும் இதே பூஞ்சாணம்தான். 1835-இல் இத்தாலியில் அகோஸ்தினோ பாஸி இதைக் கண்டு சொன்னார். இதன் முழுப்பெயர் பிவேரியா பேசியானா. அந்தப் பேசியானா என்ற பெயரே அவரால் வந்தது. பூச்சிவலையும் மஞ்சள் ஒட்டுப்பொறியும் வாங்குங்கள்.