பன்னிரண்டு மைலில் மாறும் பேச்சு

அன்புள்ள ஐயா,

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரி. ஒன்றரை வருடமாக இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஆங்கிலத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கித்தான் வந்தேன். ஆனாலும் முதல் மாதம் இங்கே பேசியதில் பாதிக்கு மேல் விளங்கவில்லை. இப்போது பரவாயில்லை. போன வாரம் ஒருவர் தன் அம்மாவைப் பார்க்க வந்தார். அறுபது வயதிருக்கும். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் ஜோர்டிதானே?" என்று கேட்டேன். இந்த ஊர்ப் பேச்சைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில்தான் கேட்டேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. "நான் ஜோர்டி இல்லை" என்று மட்டும் சொன்னார். அப்புறம் என்னிடம் பேசவே இல்லை. ஜோர்டி என்றால் நியூகாசில்காரர், சண்டர்லாந்துக்காரர் மேக்கம் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கிறது. அவர் அம்மா பேசுவது இன்னும் கஷ்டம். நினைவு தடுமாறுகிறவர். சாயங்காலமானால் "கான் யெம், கான் யெம்" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். யார் என்று கேட்டால் அழுகிறார். கூட வேலை செய்பவர்களிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பேச்சுகளைப் பிரித்தறியப் பழக முடியுமா? வெளியிலிருந்து வந்த நமக்கு அது தேவைதானா?

ஆ., சண்டர்லாந்து

அன்புள்ள ஆ.,

நாகர்கோவில்காரர் சென்னையில் வாய் திறந்தால் "நீங்க மலையாளியா?" என்று கேட்பார்கள். உங்களையும் கேட்டிருப்பார்கள். மலையாளியாக இருப்பதில் ஒரு குறைவும் இல்லை, கேட்டவர் மனதிலும் தப்பு இல்லை. ஆனாலும் சுருக்கென்று இருக்கும். தன் மொழிக்குள்ளேயே தன்னை வெளியே நிறுத்திவிட்டார்கள் என்கிற வலி அது. அந்த மனிதருக்கும் அதுதான் நடந்தது.

நியூகாசிலுக்கும் சண்டர்லாந்துக்கும் நடுவில் பன்னிரண்டு மைல்தான். அது டைன் ஆற்றங்கரை, இது வியர் ஆற்றங்கரை. 17ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் நியூகாசில் மன்னர் பக்கம் நின்றது, சண்டர்லாந்து நாடாளுமன்றத்தின் பக்கம். இன்றைக்கு அந்தப் பகை கால்பந்து மைதானத்தில் தொடர்கிறது. மேக்கம் என்ற பெயரே கப்பல் கட்டும் தொழிலிலிருந்து வந்தது என்பார்கள். 'மேக்' என்பதை இவர்கள் 'மக்' என்பார்கள், 'டேக்' என்பதை 'டக்' என்பார்கள். நாங்கள் கட்டுகிறோம், அவர்கள் கொண்டுபோகிறார்கள் என்று பொருள். சண்டர்லாந்தின் கடைசிக் கப்பல் பட்டறைகள் 1988இல் மூடப்பட்டன. அறுபது வயதுக்காரர் என்கிறீர்கள். அவர் அப்பாவோ மாமாவோ அங்கே வேலை பார்த்திருக்கலாம். பட்டறை போய்விட்டது, பேர் மட்டும்தான் மிச்சம். அந்தப் பேரையும் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிட்டால் வலிக்காதா?

காது பழக முடியும். 'மக்', 'டக்' ஒரு அடையாளம். இன்னொன்று 'ஹ'. நியூகாசிலில் 'ஹவுஸ்' என்பதில் ஹ நன்றாகவே கேட்கும். சண்டர்லாந்தில் பலர் அதை விட்டுவிட்டு 'அவுஸ்' என்று ஆரம்பிப்பார்கள். இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள்.

இங்கிலாந்து முழுவதற்கும் என்றால், தமிழர்களுக்கு ஒரு வசதி உண்டு. நாம் குறில், நெடில் படித்தவர்கள். தெற்கே குளியலை 'பாத்' என்று நெடிலாகச் சொல்வார்கள், வடக்கே 'பத்' என்று குறிலாக. தெற்கே 'பஸ்', 'கப்'. வடக்கே 'புஸ்', 'குப்'. இதை வைத்தே ஒருவர் பாதித் தீவுக்கு மேலேயா கீழேயா என்று சொல்லிவிடலாம். ஆனால் ஸ்காட்லாந்துக்குப் போனால் மறுபடி 'பஸ்' வந்துவிடும், எனவே ஒற்றை அடையாளத்தை நம்பக் கூடாது. அங்கே 'கார்' என்பதன் கடைசி 'ர்' உருண்டு கேட்கும். பிரிஸ்டல், டெவன், கார்ன்வால் பக்கமும், வட அயர்லாந்திலும் அந்த 'ர்' உண்டு. மற்ற பெரும்பாலான இடங்களில் 'கா'தான்.

உங்கள் தொழிலின் பேரையே எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூலில் உங்களை 'நேஸ்' என்பார்கள். அதைக் கேட்டதும் லிவர்பூல் என்று முடிவு கட்டினால் தப்பாகப் போகும், ஏனென்றால் உங்களுக்குத் தெற்கே முப்பது மைலுக்குள் இருக்கும் மிடில்ஸ்பரோவிலும் அப்படித்தான், கிழக்குக் கரையில் ஹல் நகரத்திலும் அப்படித்தான். மிடில்ஸ்பரோக்காரர்கள் தெற்கே போனால் லிவர்பூலா என்று கேட்கிறார்கள் என்று சலித்துக்கொள்வார்கள். அந்தத் தவறுக்குள்ளே ஒரு வரலாறும் இருக்கலாம். இரண்டும் 19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்திலிருந்து ஏராளமானோர் வேலை தேடி வந்து குடியேறிய ஊர்கள். கார்பி என்றொரு ஊர் இங்கிலாந்தின் நட்ட நடுவில் இருக்கிறது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பேச்சில் ஸ்காட்லாந்து வாடை அடிக்கும். 1930களில் அங்கே இரும்பாலை வந்தபோது கிளாஸ்கோ பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஸ்காட்லாந்து என்று நீங்கள் சொன்னால் அது தப்பு. ஆனால் உங்கள் காது அவர்கள் தாத்தாவைச் சரியாகக் கேட்டிருக்கிறது.

நானும் இப்படி ஒருவரை வருத்தப்பட வைத்திருக்கிறேன். வீட்டு பாய்லர் பழுதாகி ஒருவர் வந்திருந்தார். 'யூ ஆர்' என்பதற்குப் பதிலாக 'யோ அம்' என்றார். பர்மிங்காமா என்று கேட்டேன். கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "டட்லி" என்றார். ஒரு நொடி விட்டு மறுபடி "டட்லி" என்றார். பர்மிங்காமுக்கு மேற்கே, நிலக்கரியும் புகையும் சூழ்ந்து பிளாக் கன்ட்ரி என்று பேர் பெற்ற பகுதியைச் சேர்ந்த ஊர் அது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, பேச ஆரம்பித்துவிட்டார். அவருடைய கொள்ளுப்பாட்டி பக்கத்தில் கிராட்லி ஹீத்தில், வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் சங்கிலி அடித்தவராம். 1910இல் அந்தப் பெண்கள் கூலிக்காக வேலைநிறுத்தம் செய்து ஜெயித்தார்கள். டைட்டானிக் கப்பலின் நங்கூரம் டட்லியை ஒட்டிய நெதர்டனில்தான் செய்யப்பட்டது. இதையெல்லாம் அவர் என் சமையலறைத் தரையில் ஸ்பேனரோடு உட்கார்ந்து, கொல்லையில் உலை எந்தப் பக்கம் இருந்தது, துருத்தி எந்தப் பக்கம் இருந்தது என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். தப்பாகக் கேட்டதால்தான் அத்தனையும் எனக்குக் கிடைத்தது. ஊரைத் தவறாகச் சொல்வது பெரிய குற்றம் இல்லை என்று அன்றிலிருந்து நம்புகிறேன். நீங்களும் அந்த மனிதரிடம் போய், "மன்னிச்சுக்கோங்க, எனக்குத் தெரியலை, உங்க ஊரைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேளுங்கள்.

நான் பயப்படுவது வேறு வகைத் தவறுக்கு. ஊரைச் சரியாகச் சொல்லிவிட்டு ஆளைத் தவறாக முடிவு செய்வது. அது நீங்கள் இப்போது இருக்கும் சண்டர்லாந்திலேயே தொடங்கிய கதைதான்.

1970களின் பிற்பகுதியில் வடக்கு இங்கிலாந்தில், முக்கியமாக யார்க்‌ஷயரில், பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்டுவந்தார்கள். 1979 ஜூனில் மேற்கு யார்க்‌ஷயர் காவல் அதிகாரி ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்டுக்கு ஓர் ஒலிநாடா வந்தது. கொலைகாரன் நான்தான், உன்னால் என்னைப் பிடிக்க முடியவில்லையே என்று ஒரு குரல் நிதானமாகக் கேலி பேசியது. போலீசார் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்டான்லி எல்லிஸைக் கூப்பிட்டார்கள். இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சுகளைப் பதிவு செய்ய 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒவ்வோர் ஊரிலும் ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட கேள்விகள். அதற்காகக் கேரவனில் தங்கி, ஊர் ஊராகப் போய் வயசான விவசாயிகள் பேசுவதைக் கேட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் எல்லிஸ். அவரும் ஜாக் வின்ட்சர் லூயிஸ் என்ற ஒலியியலாளரும் அந்த நாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எல்லிஸ் சண்டர்லாந்து என்றார். அதோடு நிற்காமல், சண்டர்லாந்திலும் காசில்டவுன் பக்கம் என்றார்.

அந்தத் துல்லியம்தான் எல்லோரையும் கட்டிப்போட்டது. நாடாவை வானொலியில், தொலைக்காட்சியில், தொழிலாளர் கிளப்புகளில் போட்டுக் காட்டினார்கள். தொலைபேசியில் ஓர் எண்ணைச் சுற்றினால் அந்தக் குரலைக் கேட்கலாம். சண்டர்லாந்து ஆண்களை வீடு வீடாக விசாரித்தார்கள். அதோடு, வடகிழக்குப் பேச்சு இல்லாதவன் கொலைகாரன் இல்லை என்றும் முடிவு செய்துவிட்டார்கள். நாடாவில் பேசுபவன் வேண்டுமென்றே ஏமாற்றுபவனாக இருக்கலாம் என்று எல்லிஸும் லூயிஸும் எச்சரித்தார்கள். உயிர் தப்பிய பெண்களில் சிலர், தங்களைத் தாக்கியவன் யார்க்‌ஷயர் பேச்சுப் பேசினான் என்றே சொல்லியிருந்தார்கள். அவையெல்லாம் எடுபடவில்லை. உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்க்ளிஃப் பிராட்ஃபோர்டுக்காரன். பிடிபடும் முன் போலீஸ் அவனிடம் ஒன்பது முறை பேசியிருக்கிறது. அவன் பேச்சு சண்டர்லாந்துப் பேச்சு இல்லையே! நாடா வந்த பிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில் ஷெஃபீல்டில் வேறொரு காரணத்துக்காக நிறுத்தி விசாரித்தபோதுதான் அவன் மாட்டினான்.

நாடாவில் பேசியவன் யார்? 2005இல் அவன் போலீசுக்கு அனுப்பியிருந்த பழைய கடித உறையின் பசையிலிருந்த எச்சிலை வைத்து மரபணுச் சோதனையில் கண்டுபிடித்தார்கள். ஜான் ஹம்பிள். சண்டர்லாந்துக்காரன்தான். காசில்டவுனுக்குச் சற்றுத் தொலைவில்தான் குடியிருந்தான். 2006இல் அவனுக்கு எட்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. எல்லிஸின் காது கடைசி வரை தப்பவில்லை. ஒரு குரல் எந்தத் தெருக்களில் வளர்ந்தது என்று அவர் சொன்னார். அது பேசுவது உண்மையா என்று அவரிடம் கேட்கவும் இல்லை, அவராகச் சொன்னபோது காதில் வாங்கவும் இல்லை. அந்த மூன்று பெண்களையும் நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

எனவே தேவையா என்றால், தேவை. உங்கள் வேலையில் ரொம்பத் தேவை. பேச்சை வைத்து இவர் படிக்காதவர், இவர் முரடர் என்று எடைபோட அல்ல. அதை இந்த நாட்டுக்காரர்களே ஒருவருக்கொருவர் போதுமான அளவு செய்துகொள்கிறார்கள். உங்களுக்குத் தேவைப்படும் இடம் அந்த அம்மாவின் கட்டில் பக்கம்.

யெம் யாருடைய பேரும் இல்லை. சண்டர்லாந்து, டர்ஹம் பக்கம் பழைய ஆட்களின் பேச்சில் 'கான்' என்றால் போவது, 'யெம்' என்றால் வீடு. கடலுக்கு அந்தப் பக்கம் நார்வேயிலும் வீட்டை யெம் என்றேதான் சொல்கிறார்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போகணும் என்கிறார். நீங்கள் யார், யார் என்று கேட்டால் அவர் என்ன பதில் சொல்வார்? அழத்தான் செய்வார்.

நாளைக்குச் சாயங்காலம் அவர் அதைச் சொல்லும்போது பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இதுதான் உங்கள் வீடு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யெம் எந்தத் தெருவில் என்று கேளுங்கள். வாசலில் என்ன இருந்தது, சமையலறையில் யார் இருப்பார்கள் என்று கேளுங்கள். பாதி புரியாமல் போகும், பரவாயில்லை. புரியாததை ஒரு தாளில் தமிழ் எழுத்தில் காதில் விழுந்தபடியே எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை மகன் வரும்போது அவரிடம் காட்டிக் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.