கேள்வி-பதில்: கட்டி வளர்க்கும் வைரஸ்கள்

கே: பொரித்த அன்றே குஞ்சுகளுக்கு மாரெக் (கோழிகளுக்குக் கட்டியும் வாதமும் தரும் வைரஸ் நோய்) தடுப்பூசி போட்டாகிவிட்டது. இருந்தும் 10ஆவது வாரத்தில் சில கோழிகள் ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டி விழுந்துவிட்டன. அறுத்துப் பார்த்தால் ஈரலில் கட்டி. தடுப்பூசி போலியா?

ப: போலியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. இந்த ஊசி கட்டி வருவதைத் தடுக்கும். வைரஸ் உள்ளே போவதையும் பெருகுவதையும் முழுதாகத் தடுக்காது.

தூசியோடு மூச்சில் ஏறும் வைரஸ், முதல் வாரத்தில் நோய் எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்களை அழித்துப் பெருகுகிறது. பிறகு இன்னொரு வகையான டி செல்களுக்குள் பதுங்குகிறது. அவற்றில் சில, வைரஸின் ‘மெக்’ மரபணு தூண்டிவிடக் கட்டுமீறிப் பெருகுகின்றன. நீங்கள் பார்த்த கட்டி அதுதான். வேடிக்கை என்னவென்றால், கட்டியால் வைரஸுக்கு லாபமில்லை. அங்கே புது வைரஸ் அநேகமாக உருவாவதே இல்லை. பிற கோழிகளுக்குத் தொற்றும் வைரஸ் தயாராவது இறகின் வேர்ப்பையில். தொற்றி 2 வாரம் ஆனதும் பொடுகோடு உதிரத் தொடங்கி, கொட்டகைத் தூசியில் மாதக்கணக்கில் வீரியத்தோடு கிடக்கும்.

எனவே முதலில் சந்தேகிக்க வேண்டியது தூசியை. ஊசி பலன்தர ஒரு வாரமாவது வேண்டும். பழைய கூளத்தின் மேலேயே குஞ்சுகளை இறக்கினால் வைரஸ் முந்திக்கொள்ளும். அடுத்தது ஊசியைக் கையாண்ட விதம். திரவ நைட்ரஜனில் வரும் மருந்தில் வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது. செல் செத்தால் மருந்தும் வீண். மருந்துக் குப்பியை (ஆம்பூல்) சுமார் 27 டிகிரி தண்ணீரில் உருக்கி, அதற்கான கரைசலில் கலந்து, அவ்வப்போது மெல்லச் சுழற்றி, 1 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். மீந்ததை மறுபடி உறையவைக்கக் கூடாது.

மூன்றாவது காரணம், வைரஸின் மாற்றம். பல பத்தாண்டுகளில் மாரெக் வைரஸ் படிப்படியாகக் கொடியதாகியிருக்கிறது. வான்கோழி ஹெர்பிஸ் வைரஸால் ஆன ஊசி மட்டும் கொடிய ரகங்களுக்குப் போதாது. வீரியம் குறைந்த மாரெக் வைரஸான ரிஸ்பென்ஸ் ரகத்தையும் சேர்த்துப் போடுவது அதனால்தான். மிகக் கொடிய ரகம் தொற்றினால், ஊசி போடாத கோழி அதிகம் பரப்புமுன் செத்துவிடுகிறது. ஊசி போட்டது பிழைத்துப் பரப்புகிறது என்று 2015இல் வெளியான சோதனைகள் காட்டின. அதற்காக ஊசியை விட்டுவிட்டால் கொட்டகையே காலியாகும்.

கே: பூனை லுகேமியா வைரஸ் பூனையின் உடலுக்குள்ளேயே மாறுமாமே?

ப: மாறும். எச்சில் வழியாகப் பூனைக்குப் பூனை தொற்றுவது ‘ஏ’ வகை. பூனையின் சொந்த மரபணுத் தொகுப்பில் பழைய வைரஸ் துண்டுகள் பரம்பரையாக இருக்கின்றன. ‘ஏ’ அவற்றோடு கலந்தால் ‘பி’ பிறக்கிறது. வைரஸின் மேலுறைப் புரதத்தில் பிழைகள் சேர்ந்தால் ‘சி’ பிறக்கிறது. அது சிவப்பணு உற்பத்தியையே முடக்கிக் கடும் ரத்தசோகை தரும். ரத்தத்தில் இந்த வைரஸின் புரதத்தைத் தேடும் பி27 பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும், சமீபத்தில் தொற்றியிருக்கலாம் என்றால் குறைந்தது 30 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

கே: மாட்டு லுகேமியா வைரஸும் அதே இனம்தானே? அது ஏன் அவ்வளவாக மாறுவதில்லை?

ப: இரண்டும் ரெட்ரோவைரஸ்தான், நகலெடுக்கும் ஆள்தான் வேறு. ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக்கும் வைரஸ் நொதி பிழை திருத்தத் தெரியாதது. மாட்டில் ஆரம்ப நாட்களுக்குப் பிறகு அந்த வேலையே குறைந்துவிடுகிறது. வைரஸ் பி செல்லின் டி.என்.ஏ.வில் செருகிக்கொண்டு, செல் இரண்டாகும்போது கூடவே இரண்டாகிறது. செல்லின் நகலெடுப்பில் பிழை மிகக் குறைவு. தொற்றிய மாடுகளில் பெரும்பாலானவை அறிகுறியே காட்டுவதில்லை. கட்டி வருவது நூற்றுக்கு 5க்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம்கூடப் போதும் என்பதால் ஊசி, காது குத்தும் கருவி, சினைப் பரிசோதனைக் கையுறை எதையும் அடுத்த மாட்டுக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. சீம்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் குழப்பும் என்பதால், 6 மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா பரிசோதனையை நம்பாமல், வைரஸின் மரபணுவையே தேடும் பி.சி.ஆர். கேளுங்கள்.